காகம், வடை, 16 நிறங்கள்: பிகோ-8 வாங்கிப் பயன்படுத்திய அனுபவம்

அலுவலக வேலை போக மிஞ்சும் இரவுகளில் ஒரு சிறிய வீடியோ கேம் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில், பெரிய மென்பொருள்கள் இரண்டில் கைவைத்து இரண்டையும் பாதியில் கைவிட்டவன் நான். மூன்றாவதாக 14.99 டாலர் கொடுத்து வாங்கிய பிகோ-8 இல்தான் ஓர் ஆட்டம் முழுதாய் முடிந்தது. பாட்டி சுட்ட வடையைத் தூக்கிய காகம், நரியிடம் சிக்காமல் மரம் மரமாகத் தாண்டிப் பறக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம்.

ஜோசஃப் வைட் தமது லெக்ஸலாஃபிள் நிறுவனத்தின் வழியே வெளியிடும் பிகோ-8, எந்தக் காலத்திலும் கடைக்கு வராத ஒரு பழைய பாணி கேம் கருவியைக் கணினிக்குள் கற்பனையாக இயக்கிக் காட்டுகிறது. திரையில் 128க்கு 128 புள்ளிகள், நிறங்கள் 16, ஒலிக்கு 4 தடங்கள். லுவா என்ற நிரல்மொழியில் எழுதும் நிரல் 8192 டோக்கன்களுக்குள் (சொல், எண், குறி போன்ற நிரலின் சிறு கூறுகள்) அடங்க வேண்டும். படம் வரையவும், ஒலி அமைக்கவும், நிரல் எழுதவும் வேண்டிய எடிட்டர்கள் அனைத்தும் உள்ளேயே இருப்பதால், ஒரு வரியை மாற்றிவிட்டு கன்ட்ரோலும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தினால் அடுத்த நொடியே விளைவு தெரிகிறது. முன்பு நான் வாரக்கணக்கில் மெனுக்களையே துழாவிக்கொண்டிருந்ததை நினைத்தால், இது ஒன்றுக்கே விலை தகும் என்பேன்.

முதல் நாளே காகம் காணாமல் போனது. 8க்கு 8 கட்டத்தில் அலகு மட்டும் மஞ்சளாக, உடலைக் கறுப்பால் நிரப்பி, நீல வானத்தில் பறக்கவிட்டால் ஓர் அலகு மட்டும் தனியே மிதந்தது. கறுப்பு என்பது 0 ஆம் நிறம். வேறு கட்டளை தராதவரை படங்களில் அது கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் என்பது கையேட்டில் இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. இன்னொன்று ஸ்கோர். மரத்துக்கு 500 என்று தாராளமாகக் கொடுத்திருந்தேன். 66 ஆவது மரத்தைத் தாண்டியதும் திரையில் மைனஸ் 32536 என்று வந்து நின்றது. இதில் எண்கள் 32767க்குச் சற்று மேல் போனதும் சுற்றிக்கொண்டு எதிர்மறைக்குப் போய்விடும். மரத்துக்கு 5 என்று குறைத்து, திரையில் காட்டும்போது பின்னால் இரண்டு சுழியங்களை ஒட்டிச் சமாளித்தேன்.

பிறர் செய்த ஆட்டத்தை இறக்கி, எஸ்கேப் விசையை அழுத்தினால் அதன் நிரல் முழுவதும் கண்முன் விரிகிறது. 2018இல் பெரிய கேமாக வெளிவந்த செலஸ்ட், 2015இல் மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் 4 நாட்களில் பிகோ-8 இல் செய்த சிற்றாட்டமாகத்தான் தொடங்கியது; காகத்தின் தாவலை அதன் நிரலைப் படித்தே சரிசெய்தேன்.

குறைகளும் உண்டு. நிரல் எடிட்டரில் வரிக்கு 32 எழுத்துகூட முழுதாய்த் தெரியாது; கண் வலித்தால் வெளி எடிட்டரில் எழுதிக்கொள்ளலாம். ஜப்பானிய கானா எழுத்துகள் இருக்கின்றன, தமிழ் இல்லை. ‘வடை’ என்று காட்ட வகரம், ஐகாரக் கொம்பு, டகரம் என மூன்று கட்டங்களைப் புள்ளி புள்ளியாக வரைந்தேன். கொம்பின் இரட்டைச் சுழியை 8 புள்ளிக்குள் அடைக்க ஒரு மாலை முழுவதும் போயிற்று. காசு செலவழிக்கத் தயங்குபவர்கள் உலாவியில் இயங்கும் இலவசக் கல்விப் பதிப்பைத் தொட்டுப் பார்க்கலாம். இதே வகைக் கற்பனைக் கருவியான, இலவசமாகக் கிடைக்கும் டிக்-80 இன் திரையும் இதைவிட அகலம்தான்.

முடித்த ஆட்டத்தை இணையப் பக்கமாக மாற்றி அக்கா மகளுக்கு அனுப்பினேன். கைபேசித் திரையிலேயே பொத்தான்கள் வந்துவிட்டதால் உடனே ஆடத் தொடங்கிவிட்டாள். “மாமா, நரிக்கு வாலே இல்லையே?” என்றாள். இந்த வாரம் நரியை 16க்கு 16 ஆக மாற்றி வரைந்துகொண்டிருக்கிறேன்.