அப்பாவின் வலக்கையும் இருபது நிமிட மின்னோட்டமும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் கழித்துத்தான் ஜெர்மனியிலிருந்து ஊருக்கு வர எனக்கு விடுப்பு கிடைத்தது. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. வலக்கை விரல்கள் பாதிதான் விரிந்தன. மதுரையில் ஒரு தனியார் மையத்தில், தலையில் கரண்ட் வைத்தால் கை சீக்கிரம் தேறும் என்று சொல்லிப் பத்து அமர்வுகளுக்கு முன்பணம் வாங்கியிருந்தார்கள். ஐந்தாவது அமர்வுக்கு நானும் உடன் சென்றேன்.

உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளில் ஒன்றை இடக்காதுக்கும் உச்சிக்கும் நடுவிலும், மற்றொன்றை வலப்புருவத்துக்கு மேலும் வைத்துக் கட்டினார்கள். கருவி 2 மில்லி ஆம்பியர் காட்டியது. பஞ்சிலிருந்து வழிந்த நீர் சட்டைக் காலரை நனைக்க, அப்பா 20 நிமிடம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். வலக்கை மடியில் அசையாமல் கிடந்தது. கட்டை அவிழ்த்ததும் "நாளைக்கு வாங்கய்யா" என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு மனம் ஆறவில்லை. மண்டைக்கு மேலிருந்து செலுத்தும் மெல்லிய நேர்மின்னோட்டம், கையை இயக்கும் மூளைப்புறணி (மூளையின் மேலடுக்கு) தூண்டலுக்கு இணங்கும் அளவை மாற்றுகிறது என்றும், மின்னோட்டம் நின்ற பிறகும் அம்மாற்றம் சில நிமிடங்கள் நீடிக்கிறது என்றும் 2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷே, பவுலுஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது மூளையைக் கற்பதற்கு இசைவாக்கலாம். கற்பது என்னவோ கை செய்யும் வேலையிலிருந்துதான். பயிற்சியோடு சேர்த்தாலும்கூடத் தூண்டலின் பலன் உறுதியானதன்று. மின்னோட்டத்துக்குப் பதில் காந்தத் துடிப்பைக் கொண்டு அமெரிக்காவில் 12 மையங்களில் பக்கவாதம் வந்த 199 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், உண்மைத் தூண்டல் பெற்றவர்களும் போலித் தூண்டல் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். இரு தரப்பாருக்கும் ஒரே கைப்பயிற்சி தரப்பட்டிருந்தது.

அத்தகைய பயிற்சி எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்தது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் வந்த இயன்முறை மருத்துவர், பரணிலிருந்த பல்லாங்குழியை இறக்கச் சொன்னார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் புளியங்கொட்டையைப் பற்றிக் குழிக்கு ஒன்றாக அப்பா போட வேண்டும்; நழுவினால் அவர் எடுத்துத் தர மாட்டார், "இடது கை வேண்டாம், நீங்களே எடுங்கய்யா" என்று பொறுமையாகக் காத்திருப்பார். முதல் நாள் மூன்று குழி தாண்டவில்லை.

மின்னோட்டம் ஓடும்போதே இதைச் செய்யட்டும் என்று மையத்தில் கேட்டேன். அதற்கு ஆளில்லை என்றார்கள், மீதிப் பணத்தையும் திருப்பித் தரவில்லை. நான் விமானம் ஏறிய நாள் காலையில் 14 குழியையும் முடித்துவிட்டு, சிந்திய கொட்டைகளை அப்பா வலக்கையாலேயே பொறுக்கிக்கொண்டிருந்தார்.