ஃபைபர் பட்டறைக்கு முன்பணம் கொடுக்கறவங்க ஒரு நிமிஷம் படிங்க

கோபிப் பக்கம் கூட்டாளி தோட்டத்துல, அவங்க அப்பாவோட பழைய மாருதி 800 மண்ணடிச்சுக் கிடந்துச்சு. ஆடி 18க்கு அதைப் படகாக்கிப் பண்ணைக்குட்டையில விடலாம்னு நாலு பேரும் முடிவு பண்ணோம். கிறுக்குத்தனம்தான், ஒத்துக்கறேன். ஆனா கணக்கைச் சரியாத்தான் போட்டோம். இஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம்னு கழட்ட முடிஞ்சதெல்லாம் கழட்டினது போக வண்டி 340 கிலோ. பலகை, ஃபைபருக்கு 80. எங்க நாலு பேருக்கும் 280. ஆக 700 லிட்டர் தண்ணியைத் தள்ளினாப் போதும். பதினோரு அடி நீளம், நாலேமுக்கால் அடி அகலம், அடிப்பக்கத்தைத் தட்டையா அடைச்சா அரை அடிதான் முங்கும்.

ஏமாந்தது பட்டறையில. பேரு போடலை.

"ஏனுங் தம்பி, பரிசலே அடிச்சுக் குடுக்கறோம், இதென்னங் பெரிய வேலை"ன்னார் பட்டறைக்காரர். 48,000 பேச்சு, 35,000 முன்பணம். 450 கிராம் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) நாலு அடுக்கு, அடியில தண்ணி தாங்கற 710 முத்திரை மரைன் பிளைவுட், கதவுக்குள்ளயும் டிக்கியிலயும் மிதக்கறதுக்கு பி.யூ. ஃபோம். பில் கேட்டோம். "பில்லுன்னா எச்சா ஆகுமுங்." சரின்னு விட்டுட்டோம்.

குட்டையில இறக்கி இருபது நிமிஷம் அருமையா மிதந்துச்சு. அப்புறம் இடப்பக்கம் சாய ஆரம்பிச்சு, கட்டுச்சோத்துப் போசி முதல்ல போச்சு, பின்னாடியே நாங்க. இடுப்பளவு தண்ணி, லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருந்தோம். கொடிவேரிக்கு மேல ஆத்துல விடலாம்னு ஒருத்தன் சொன்னதை நினைச்சா இன்னும் வயிறு கலங்குது.

டிராக்டர்ல இழுத்துப் போட்டு கிரைண்டர்ல வெட்டினோம். மேட் ஒரே அடுக்கு, மேல விரக்கடை கனத்துக்குப் பட்டி, அதுக்கு மேல பளபளன்னு பெயிண்ட். பிளைவுட்ல 710 முத்திரையே இல்லை, ஓரமெல்லாம் உரிஞ்சு வந்துச்சு. பி.யூ. ஃபோமுக்குப் பதிலா தெர்மாகோல். அதுலயும் நேரா, மேட்டை இறுக வைக்கற பாலியெஸ்டர் ரெசினைப் பூசியிருக்கார். ரெசின்ல இருக்கற ஸ்டைரீன்ங்கற திரவம் தெர்மாகோலைக் கரைச்சுரும். வெளிய கல்லாட்டம் இருந்த பெட்டிக்குள்ள, அடியில பாகு மாதிரி கொஞ்சம் பிசின், மிச்சமெல்லாம் வெறுங்கூடு. தண்ணி போய் உட்கார்ந்தது அங்கதான். ஃபைபர் வேலை செய்யற ஒருத்தருக்கு இது தெரியாம இருக்குமா?

ஃபோன் பண்ணா, "படகுன்னா கொஞ்சம் தண்ணி வரத்தானுங்க செய்யும்"ங்கறார். மறுநாள்ல இருந்து எடுக்கறதே இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. ஆனா போய்க் காட்ட ரசீது?

தொட்டியோ, பரிசலோ, கூரையோ, எதைச் செய்யக் குடுத்தாலும் பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாருங்க. ஒவ்வொரு அடுக்கு போடறப்பவும் படம் எடுத்து வைங்க. 450 மேட் நாலு அடுக்குன்னா சுமாரா 4 மில்லிமீட்டர் கனம் வரணும். மூலையில ஒரு ஓட்டை போட்டு அளந்து பார்த்துட்டு மிச்சக் காசைக் குடுங்க. வெள்ளையா எதையாவது காட்டி ஃபோம்னு சொன்னா, அவர் கண்ணு முன்னாடியே அதுமேல ஒரு கரண்டி ரெசினை ஊத்தச் சொல்லுங்க.

இன்னொண்ணு, ஆர்.சி. ரத்து பண்ணித் தர்றேன்னு சொல்லி இஞ்சினையும் அந்தப் பட்டறைக்காரரே எடுத்துட்டுப் போனார். வண்டி இன்னும் கூட்டாளி அப்பா பேர்லதான் இருக்கு. அப்பாவுக்கு இது தெரியாது.

வெட்டின துண்டு தோட்டத்துல இருக்கு. ஃபைபர் வேலை குடுக்கப் போறவங்க வந்து கையில பிடிச்சுப் பாத்துட்டுப் போங்க.