உங்கள் பெயரில் குப்பை மெயில்: பாஸ்வேர்டை மாற்றுவதா, முகவரியையே மாற்றுவதா?

அட்டனில் ஆசிரியையாக இருக்கும் சின்னம்மா மகளுக்கு, அவளுடைய சொந்த முகவரியிலிருந்தே ஒரு மெயில் வந்தது. "உன் கணக்கு என் கையில், பிட்கொயின் அனுப்பு" என்று. "அண்ணே, புதுசா ஒரு மெயில் திறந்து குடுங்க" என்று பதறிப்போய் கோல் எடுத்தாள்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பல லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இன்னும் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, கைமாறித்தான் வீடு சேரும். அந்த உறையின் பின்பக்கம் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதலாம், யாரும் கேட்கப்போவதில்லை. மெயிலும் அதே கதைதான். மெயிலை அனுப்பும் எஸ்எம்டிபி என்ற 1982ஆம் ஆண்டு விதிமுறையில் அனுப்புநரைச் சரிபார்க்கும் ஏற்பாடே இல்லை.

அதனால் முதலில் ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும் 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். அனுப்புநர் உண்மையா என்று பின்னாளில் வந்த சோதனைகள்தான் எஸ்பிஎஃப், டிமார்க். அந்த வரிகளில் 'ஃபெயில்' என்றிருந்தால் பெரும்பாலும் பெயரை மட்டும்தான் திருடியிருக்கிறார்கள். தங்கச்சிக்கு அதுதான். டிமார்க்கில் 'பாஸ்' என்றிருந்தாலோ, உள்நுழைந்தவர் பட்டியலில் தெரியாத கருவி இருந்தாலோ, ஆள் வீட்டுக்குள் வந்திருக்க வாய்ப்பு அதிகம். அனுப்பிய பெட்டி காலியாக இருப்பதை நம்ப வேண்டாம், அழித்துவிட்டுப் போக ஒரு நொடி போதும்.

பெயர்த் திருட்டு மட்டும் என்றால், ஸ்பாம் என்று குறித்துவிட்டுச் சும்மா இருப்பதே என் தேர்வு. பதில் வேண்டாம், பணம் வேண்டவே வேண்டாம்.

எல்லோரும் முதலில் தேடுவது புது முகவரி. எனக்குப் பிடிக்காததும் அதுதான். பழைய பெயரை எழுதுகிறவன் எழுதிக்கொண்டே இருப்பான். வங்கி, பேஸ்புக், டோஹாவில் இருக்கும் தம்பி என்று எல்லாம் பழைய முகவரியில் கிடக்க, நாம்தான் வீடு மாறித் தவிப்போம்.

ஆள் உள்ளே வந்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது பாதி வேலை. வருகிற மெயிலைத் தனக்குத் திருப்பிவிடும்படி அவன் ஃபோர்வர்டிங்கோ ஃபில்டரோ போட்டிருந்தால், பூட்டை மாற்றியும் பயனில்லை. அமைப்புகளுக்குள் போய் அதையும் நீக்குங்கள். மீட்பு போன் எண்ணையும் பாருங்கள். அப்புறம் இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் ஏற்பாடு. எஸ்எம்எஸ்ஸா, ஒதென்டிகேட்டர் செயலியா என்றால், மலைப்பக்கம் செயலிதான். சிக்னலுக்காக லயத்தைவிட்டு மேட்டுக்கு ஏறும் இடங்களில் எஸ்எம்எஸ் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? செயலி இணையமே இல்லாமல் 30 விநாடிக்கு ஒரு புது எண்ணைக் காட்டும். கூகுள் தரும் 10 காப்பு எண்களைத் தாளில் எழுதி, அடையாள அட்டையோடு வையுங்கள்.

சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. அப்புத்தளையில் ஹோம்ஸ்டே நடத்தும் நண்பரின் பெயரில் விருந்தினருக்குப் போலி பில் போனது. எஸ்பிஎஃப், டிமார்க்கோடு மெயிலுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடும் டிகேஐஎம் என மூன்றையும், டொமைனின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் சேர்த்தோம், செலவு எதுவும் இல்லை. டிமார்க்கை முதலில் எதையும் தடுக்காத 'நன்' என்று வைத்து, வரும் அறிக்கைகளைப் பார்த்து, பிறகுதான் சோதனையில் தோற்ற மெயிலை மறுக்கச் சொல்லும் 'ரிஜெக்ட்' போட வேண்டும். 2014இல் யாகூ ஒரேயடியாக ரிஜெக்டுக்கு மாறியபோது குழு வழியாகப் போன யாகூ மெயில்கள் மறுக்கப்பட்டு, பல மெயில் குழுக்கள் குழம்பிப்போயின. டொமைன் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வரும் போலியை இதுவும் தடுக்காது. அதனால் வங்கிக் கணக்கு எண்ணை நண்பர் இப்போது போனில்தான் சொல்கிறார்.