தமிழில் தட்டச்சிட எந்த வழி: ஊகிக்கும் பலகையா, தமிழ்99-ஆ, குரலா?

சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் தந்தை மறைந்த செய்தி வந்தபோது நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்தபடியே கைப்பேசியை எடுத்து, 'உங்கள் வலி எனக்குப் புரிகிறது' என்று தொடங்கும் ஆறுதல் செய்தி ஒன்றை ஆங்கில எழுத்துகளால் ஒலியைத் தட்டி எழுதி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அது 'உங்கள் வழி எனக்குப் புரிகிறது' என்று போய்ச் சேர்ந்திருந்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் அதன் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்காது. துக்க வீட்டுக்கு அனுப்பும் ஒரு வரியில்கூட நான் நினைத்த சொல்லை இயந்திரம் மாற்றி வைக்க முடியும் என்பது எனக்கு மிகவும் உறுத்தியது. அதன்பிறகு, தமிழைத் தட்டச்சிடப் புழக்கத்தில் உள்ள வழிகள் ஒவ்வொன்றையும் சில வாரங்கள் விடாமல் பயன்படுத்திப் பார்த்தேன். அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதே இந்த அலசல்.

ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் விசைப்பலகைகள்தாம் இன்று பெரும்பாலோர் கையில் இருப்பவை. அவற்றை ஒரே வகையாக எண்ணுவது வழக்கம். உண்மையில் அவை இரண்டு வகை. முதல் வகை விதிப்படி நடப்பது. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளின் முறையை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அதில் சிறிய எல் 'ல', பெரிய எல் 'ள'. சிறிய என் 'ன', பெரிய என் 'ண'. சிறிய ஆர் 'ர', பெரிய ஆர் 'ற'. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது முன்பே முடிவானது. பலகை தன் விருப்பத்துக்கு எதையும் மாற்றாது. இரண்டாம் வகை ஊகிப்பது. நீங்கள் எப்படித் தட்டினாலும் ஏற்றுக்கொண்டு, பொருத்தமாகத் தோன்றும் சொற்களை மேலே வரிசையாகக் காட்டி, இடைவெளி விசையைத் தட்டியவுடன் முதற்சொல்லை எடுத்து வைத்துவிட்டுப் போகும். கைப்பேசிகளில் பரவியிருப்பது இந்த இரண்டாம் வகை.

ஊகிக்கும் பலகையின் நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பயிற்சி ஏதும் தேவையில்லை. நிறுவிய அன்றே எழுதத் தொடங்கலாம். தமிழில் ஒரு வரிகூட எழுதாமல் இருந்த எத்தனையோ பேரை அது எழுத வைத்திருக்கிறது. நீண்ட சொற்களில் அதன் ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. 'பள்ளிக்கூடம்' என்பதை எவ்வளவு அலட்சியமாகத் தட்டினாலும் சரியாகத் தந்துவிடும், ஏனென்றால் அந்த ஒலிக்கோவைக்கு வேறு சொல் இல்லை. சிக்கல் குறுஞ்சொற்களில்தான். 'பள்ளி'க்கும் 'பல்லி'க்கும், 'மனம்' என்பதற்கும் 'மணம்' என்பதற்கும், 'அறை'க்கும் 'அரை'க்கும், 'வலி'க்கும் 'வழி'க்கும் பலர் தட்டும் ஆங்கில எழுத்தில் ஒரே வடிவம். தமிழின் பொருள் வேறுபாடு பலவிடங்களில் லகர, ளகர, ழகரத்திலும், ரகர, றகரத்திலும், னகர, ணகரத்திலும்தான் தங்கியிருக்கிறது. அந்த வேறுபாடுகள் இல்லாத ஓர் எழுத்து வரிசையின் வழியாகத் தமிழை உள்ளே அனுப்பினால், எந்த இடத்தில் நாம் மிகக் கவனமாக இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் முடிவு இயந்திரத்திடம் போய்விடுகிறது. அது கற்றுக்கொள்ளும் திறன் உடையது என்பார்கள், உண்மைதான். ஆனால் நாம் கவனிக்காமல் விட்ட தவற்றையும் அது சேர்த்தே கற்றுக்கொள்கிறது. என் கைப்பேசி 'வழி'யை முன்னிறுத்தியதற்குக் காரணம், அதற்கு முந்தைய வாரம் முழுவதும் நான் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்ததாக இருக்கலாம்.

விதிப்படி நடக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் இந்தக் கேடு இல்லை. 'ள' வேண்டுமென்றால் நீங்கள்தான் ஷிப்ட் விசையை அழுத்த வேண்டும். அதற்கு ஈடாக நேரம் போகிறது. 'பள்ளிக்கூடம்' என்று எழுத அஞ்சல் முறையில் பன்னிரண்டு விசைகள், அவற்றோடு இரண்டு ளகரங்களுக்கும் ஷிப்ட். அகரத்தைக் கூட ஒவ்வொரு முறையும் தட்டியாக வேண்டும். 'வணக்கம்' என்ற சொல்லில் மட்டும் மூன்று முறை. இதையும் தாண்டி எனக்குள்ள மனக்குறை ஒன்று உண்டு. நாள் முழுவதும் இப்படி எழுதுகிறவருக்கு, தமிழ்ச் சொல்லை மனத்தில் ஆங்கில எழுத்தாக உடைத்து, பின்பு கையால் தமிழாகக் கூட்டும் இரட்டை வேலை நடக்கிறது. பழகிவிட்டால் தெரியாது என்பார்கள். நான் ஏழெட்டு ஆண்டுகள் பழகியவன்; தமிழ் எழுத்துகளுக்கே விசைகள் வகுத்த தமிழ்99 பலகைக்கு மாறிய பிறகுதான், இத்தனை நாள் அந்தச் சுமை இருந்தது என்பதையே உணர்ந்தேன்.

தமிழ்99 பலகை, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. உயிர் பன்னிரண்டு, மெய்வரிசைக்குப் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. முப்பத்தொரு விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடுகிறது. உயிர்கள் இடக்கையில், மெய்வரிசையில் வகரமும் ஙகரமும் தவிர மற்ற பதினாறும் வலக்கையில். மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதே தமிழ்ச் சொல்லின் அமைப்பு என்பதால், இரண்டு கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. ககரத்தைத் தட்டினால் அகரம் ஏறிய 'க' வருகிறது. அகரத்துக்குத் தனி விசை செலவில்லை. ஒரே எழுத்தை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுகிறது. 'ங'வை அடுத்து 'க', 'ந'வை அடுத்து 'த', 'ம'வை அடுத்து 'ப' என இன எழுத்துகள் சேரும்போதும் அப்படியே. இதனால் 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல்கள். 'வணக்கம்' ஆறு, அஞ்சல் முறையில் எட்டும் ஒரு ஷிப்டும். 'பள்ளிக்கூடம்' பத்து. மெய்யும் மெய்யும் கூடும் விதிகளை நம் இலக்கணத்திலிருந்தே எடுத்து ஒரு பலகைக்குள் வைத்திருக்கிறார்கள். அதை வடிவமைத்தவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதை ஒவ்வொரு நாளும் கூடுகிறது.

குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. தானாக விழும் புள்ளி வேண்டாத இடத்திலும் விழும். 'மமதை' என்று எழுத மகரத்தை இருமுறை தட்டினால் 'ம்மதை' ஆகிவிடும். இரண்டு மகரங்களுக்கும் நடுவே அகர விசையைத் தட்டித் தடுக்க வேண்டும். இது தெரியாமல் பலகையையே கைவிட்டவர்களை அறிவேன். ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறும் வலக்கைச் சுண்டுவிரலின் பங்கில் விழுகின்றன. நாள் முழுவதும் எழுதுகிறவருக்கு மாலையில் அந்த விரல் சற்று நோகத்தான் செய்யும். மேற்கோள் குறியும் முக்காற்புள்ளியும் ஆங்கிலப் பலகையில் பழகிய இடத்தில் இல்லை. இவற்றை எல்லாம் விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது: முதல் பத்து நாள் ஒரு பத்தி எழுத அரைமணி நேரம் ஆகும். எனக்குப் பதினைந்தாம் நாள் வாக்கில் பழைய வேகம் திரும்பியது, ஒரு மாதத்தில் அதைத் தாண்டியது. இந்தப் பதினைந்து நாளைக் கடக்கும் பொறுமை இல்லாதவருக்கு இந்தப் பலகை பயன்படாது.

பல பலகைகளில் என்னை எரிச்சலூட்டிய ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 'கூ' என்று எழுதி, அது 'கு' ஆக இருக்க வேண்டும் என்று தெரிந்து பின்னழி விசையைத் தட்டினால், ஊகாரக் குறி மட்டும் போய் 'க' நிற்கும். இப்போது உகரத்தைத் தட்டினால் சில மென்பொருள்களில் 'கு' வராது, 'கஉ' என்று வரும். முன்னே நிற்பது ஒரு மெய்வரிசை எழுத்து என்பதைப் பலகை மறந்துவிடுகிறது. ககரத்தையும் அழித்து முதலிலிருந்து தட்ட வேண்டியிருக்கிறது. வாங்குவதற்கு முன், நிறுவுவதற்கு முன், எந்தப் பலகையிலும் நான் இப்போது முதலில் சோதிப்பது இந்த ஒன்றைத்தான்.

தட்டச்சுப் பொறியின் வழிவந்த அமைப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்த காலந்தொட்டு வரும் மரபு இது. தட்டச்சுப் பயிலகங்களில் 'யளனக' என்று விரல் பழகி, லோயர், ஹையர் தேர்வு எழுதியவர்கள் அலுவலகங்களில் இன்றும் இதில்தான் எழுதுகிறார்கள். அவர்களுடைய வேகத்தை வேறு எந்த முறையிலும் நான் பார்த்ததில்லை. இலங்கையில் தரமாக உள்ள ரெங்கநாதன் பலகையும் இந்த மரபைச் சேர்ந்ததே. அங்கும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகிய கைகள் ஏராளம். ஏற்கெனவே தெரிந்தவர் இதை விட வேண்டியதில்லை. ஆனால் புதிதாகக் கற்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இது எழுத்தின் உருவத்தைப் பின்பற்றுவது. 'கெ' எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம். கண்ணுக்குத் தெரிவதை அடித்தால் போதும் என்ற இந்தப் பழக்கத்தின் எச்சம் இணையத் தமிழில் ஆழமாகப் படிந்திருக்கிறது. பொறியில் ரகர மெய்யைத் துணைக்காலும் புள்ளியுமாக அடித்த பழக்கத்தால், இன்றைய கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான ஒருங்குறியிலும் 'தமிழர்' என்பதன் இறுதி எழுத்து பலவிடங்களில் துணைக்காலும் புள்ளியுமாக இருக்கிறது. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் சேர்த்து 'கௌரவம்' என்பதை 'கெளரவம்' என்று எழுதுவதும் இப்படித்தான். படிக்கும்போது வேறுபாடு தெரியாது. தேடும்போதுதான் தெரியும்: சரியாக எழுதித் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காமல் போகலாம். ஒரு கட்டுரையைச் சொற்பிழை பார்க்கும் வேலையில், கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த ஒரு பெயரைத் தேடல் பெட்டி இல்லை இல்லை என்று சொல்ல, ஒரு பிற்பகல் முழுவதும் நான் இழந்திருக்கிறேன்.

இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்த இன்ஸ்கிரிப்ட் பலகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தி, தமிழ் இரண்டிலும் எழுதுகிறவருக்கு ஒரே இடத்தில் ஒரே ஒலி என்பது வசதி. தமிழ் மட்டும் எழுதுகிறவருக்கு, ககரத்தின் பிற ஒலிகள் போன்ற, தமிழில் இல்லாத வருக்க எழுத்துகளுக்கான இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

குரல்வழித் தட்டச்சு 2017 ஆகஸ்டில் கூகுள் விசைப்பலகையில் தமிழுக்கு வந்தது. என் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. சிறிய திரையில் விசை தேடும் சிரமம் இல்லாமல் பேத்திக்கு அவர் செய்தி அனுப்புவது இதனால்தான். அவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. லகர ளகரங்களைக் கூட அது பெரும்பாலும் சொற்றொடரின் பொருளைக் கொண்டு சரியாகப் பிடிக்கிறது. இந்த ஒன்றில் ஊகிக்கும் பலகையை அது மிஞ்சுகிறது என்றே சொல்வேன். ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தால் நிலைமை வேறு. பேசும்போது நாம் பேச்சுத் தமிழில் பேசுகிறோம்; எழுத்துத் தமிழில் பேச முயன்றால் மேடையில் நிற்பது போல் ஆகிவிடுகிறது. வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் அதன் காதில் சரியாக விழுவதில்லை. நிறுத்தக்குறிகளை நாமே பிறகு இட வேண்டும். ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் வரும் வரியைத் திருத்துவதற்குள் அதைக் கையால் இருமுறை எழுதிவிடலாம். பேருந்திலும் அலுவலகத்திலும் உரக்கச் சொல்ல முடியாத செய்திகள் இருக்கின்றன என்பதும் உண்டு.

நாளுக்கு ஒரு பக்கத்துக்குமேல் தமிழில் எழுதுகிறவர், கணினியில் எழுதுகிறவர், ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், செய்தி எழுதுகிறவர் ஆகியோர் தமிழ்99-ஐக் கற்க வேண்டும் என்பதே என் முடிவு. விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் இப்போது அது கிடைக்கிறது. பழகும் பதினைந்து நாளும் பழைய பலகைக்குத் திரும்பாமல் இருப்பது முக்கியம். அவசர மடல்களுக்கு மட்டும் என்று தொடங்கினால் விரல் எதையும் கற்காது. கைப்பேசியில் மட்டும், அதுவும் இரண்டு மூன்று வரிகளே எழுதுகிறவருக்கு இந்த உழைப்பு தேவையில்லை. முப்பத்தொரு விசைகள் சிறிய திரையில் நெருக்கியடித்து நிற்கும். கட்டைவிரலால் எழுதும்போது இரண்டு கைகளும் மாறி மாறி ஓடும் நன்மையும் பெரும்பாலும் போய்விடுகிறது. அவர்கள் ஊகிக்கும் பலகையையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இடைவெளி விசையைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டாமல், மேலே காட்டும் சொற்களிலிருந்து தேர்ந்தெடுத்து வைக்கும் பழக்கம் வேண்டும். தவறாக மனப்பாடம் செய்து வைத்திருக்கும் சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்து நீக்கும் வசதி பல பலகைகளில் இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும்.

நான் கணினியில் முழுவதும் தமிழ்99-க்கு மாறிவிட்டேன். கைப்பேசியில் இரண்டையும் வைத்திருக்கிறேன். அந்த நண்பருக்கு, முதலாண்டு நினைவு நாளன்று எழுதிய மடலை மட்டும் வீட்டுக்கு வந்து, கணினி முன் உட்கார்ந்து, வ, ல, இ என்று மூன்று விசைகளையும் நானே தட்டி எழுதினேன்.