வயர்ஷார்க்கும் மிரர் போர்ட்டும்

நெட்வொர்க்கில் ஓடும் தரவைப் பிடித்துக் காட்டும் மென்பொருளான வயர்ஷார்க்கில் ஒன்றுமே வரவில்லை என்று குறைப்படுகிறவர்களில் பலர் மடிக்கணினியைத் தப்பான இடத்தில் மாட்டியிருப்பார்கள். சுவிட்சில் காலியாக இருந்த ஏதோ ஒரு போர்ட்டில் கேபிளைச் செருகி, தனக்கு அனுப்பப்படாததையும் வாங்கிக்கொள்ளும் புரோமிஸ்குவஸ் மோடைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் என்ன கிடைக்கும்? ஏஆர்பி கேள்விகள் ('இந்த ஐபி முகவரி யாருடையது?'), கொஞ்சம் டிஹெச்சிபி (ஐபி முகவரி கேட்டு வாங்கும் பேச்சு), அப்புறம் அந்த மடிக்கணினியின் சொந்தப் போக்குவரத்து. ஹப் காலத்தில் ஒரு கருவி பேசியது எல்லாக் கருவிக்கும் கேட்டது. சுவிட்ச் அப்படியில்லை. எந்த மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, ஃப்ரேமை (தரவுத் துண்டை) அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. ஆகவே வயர்ஷார்க்கை மதிப்பிடுவதானால், போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டில் ஓடுவதன் நகலை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பும் வசதி) உள்ள சுவிட்சையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். எட்டு போர்ட் உள்ள சின்ன கிகாபிட் ஸ்மார்ட் சுவிட்ச் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும்.

இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு வேலையைச் சொல்கிறேன். கண்காணிப்புக் கேமராவிலிருந்து ரெக்கார்டருக்குப் போகும் வீடியோ இடையிடையே விட்டுப்போனது. கேமரா மாட்டியவர் நெட்வொர்க்கைக் குறை சொன்னார், கேபிள் இழுத்தவர் கேமராவைக் குறை சொன்னார். ரெக்கார்டர் இருந்த போர்ட்டை மிரர் செய்து வயர்ஷார்க்கை ஓடவிட்டேன். ஸ்டாடிஸ்டிக்ஸ் மெனுவில் கான்வர்சேஷன்ஸ் பகுதியைத் திறந்தால், யார் யாரோடு எவ்வளவு பைட் பேசுகிறார்கள் என்று வரிசையாக நிற்கும். அதில் அந்தக் கேமராவின் வரியை வைத்தே ஃபில்டர் போட்டேன். வீடியோ நின்ற நேரத்துக்கு வந்ததும், கறுப்புப் பின்னணியில் சிவந்த எழுத்தோடு வரிகள் தெரிந்தன: டிசிபி ஜீரோ விண்டோ.

அந்த வரிகளுக்குக் கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தால் கதை முழுவதும் இருந்தது. ரெக்கார்டர் அனுப்பும் ஒவ்வொரு ஒப்புதலிலும் விண்டோ அளவு (இன்னும் எவ்வளவு வாங்க இடமிருக்கிறது என்ற எண்) குறைந்துகொண்டே வந்து பூஜ்யமாகிறது. 'இப்போது இடமில்லை, நிறுத்து' என்று அதற்குப் பொருள். கேமரா நிறுத்துகிறது, அவ்வப்போது தட்டிப் பார்க்கிறது, விண்டோ அப்டேட் வந்ததும் மறுபடி தொடங்குகிறது. ஆனால் ஒரு ரீட்ரான்ஸ்மிஷன்கூட (தொலைந்ததை மறுபடி அனுப்புவது) இல்லை. வழியில் எதுவும் தொலையவில்லை என்றால் கேபிள் மேல் பழியில்லை. ரெக்கார்டரின் ஹார்டு டிஸ்க் எழுத முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. டிஸ்க்கை மாற்றியதும் வீடியோ விடாமல் ஓடியது. யார் பக்கம் தவறு என்று வாக்குவாதம் செய்யாமல் திரையிலேயே காட்ட முடிவது எனக்கு இந்தக் கருவியின் மேல் இவ்வளவு மதிப்பு வரக் காரணம்.

1998-இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் ஈத்தரியல் என்ற பெயரில் வெளியிட்டதுதான் வயர்ஷார்க். 2006-இல் பெயர் மாறியது. இன்றும் இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது.

சரி, குறைகள். மிரரிங்கின் பெரிய குறை அகலம். கிகாபிட் போர்ட்டில் போகவும் வரவும் சேர்த்து நொடிக்கு 2 கிகாபிட் வரை ஓடலாம். மிரர் போர்ட் வெளியே விடுவது 1 கிகாபிட்தான். மிஞ்சுவதை சுவிட்ச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். நெட்வொர்க்கில் பாக்கெட் தொலைகிறது என்று பயப்படுவதற்கு முன், 'ஏக்ட் அன்சீன் செக்மெண்ட்' என்ற குறிப்பு வருகிறதா என்று பாருங்கள். பெறுகிற கருவி ஒப்புக்கொண்டிருக்கிறது, நம் பதிவில் மட்டும் இல்லை என்றால், தொலைந்தது நம் பக்கத்தில். இன்னொன்று: சிஆர்சி பிழையுள்ள (வழியில் சிதைந்த) ஃப்ரேம்களை சுவிட்ச் பொதுவாக உள்ளே வரும்போதே தள்ளிவிடும், அவை மிரருக்கு வராது. கேபிள் மேல் சந்தேகம் என்றால் போர்ட்டின் பிழைக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். ஒன்றுவிடாமல் வேண்டும் என்பவர்களுக்கு கேபிளின் இடையில் மாட்டி நகலெடுக்கும் டேப் கருவிதான் வழி.

வயர்ஷார்க்குக்கு நினைவகப் பசி அதிகம். ஒரு திசையில் முழு வேகத்தில் ஓடும் கிகாபிட் இணைப்பு நொடிக்கு 125 எம்பி வரை கொட்டும். திரையில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் மடிக்கணினி மூச்சுத் திணறும். நெடுநேரப் பதிவுக்கு அதோடு வரும் டம்ப்கேப் என்ற பதிவு நிரலை ரிங் பஃபரோடு ஓடவிடுங்கள், பழைய கோப்புகள் தானாக அழிந்துகொண்டே போகும். பிடிக்கும்போது போடும் ஃபில்டருக்கு ஓர் இலக்கணம், பார்க்கும்போது போடும் ஃபில்டருக்கு வேறோர் இலக்கணம் என்பது புதியவர்களை நிச்சயம் குழப்பும். டிஎல்எஸ் என்ற மறையாக்க உறைக்குள் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாது. யார், யாரோடு, எவ்வளவு, எப்போது என்பது தெரிந்தாலே என் வேலைக்குப் போதும்.

மிரரிங் சுவிட்ச் எதற்கு, ஏஆர்பி ஸ்பூஃபிங் (போலி ஏஆர்பி பதில்களால் போக்குவரத்தைத் தன் பக்கம் திருப்புவது) செய்தால் போதாதா என்று கேட்கிறார்கள். செய்யாதீர்கள். போக்குவரத்து முழுவதும் உங்கள் மடிக்கணினி வழியாகச் சுற்றிப் போகும், நீங்கள் அளக்க வந்த தாமதமே மாறிவிடும், மடிக்கணினி உறங்கிப்போனால் இணைப்பும் போய்விடும். எந்த வழியில் பார்த்தாலும் நெட்வொர்க்கின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

சுவிட்ச் வாங்குமுன் கையேட்டில் மிரரிங் என்ற சொல்லோடு, உள்வரவையும் வெளிச்செல்வதையும் தனித்தனியாகத் தேர்வு செய்ய முடியுமா என்றும் பாருங்கள். நெரிசலான போர்ட்டில் ஒரு திசையை மட்டும் எடுத்தால் அகலப் பிரச்சினை தீர்ந்துவிடும். பல சுவிட்சுகளில் மிரர் போர்ட் வழியாக மடிக்கணினிக்கு இணையம் வராது, அதற்கு வைஃபையை வைத்துக்கொள்ளுங்கள்.