சிகாகோ கசாப்புத் தொழிற்சாலையும் டெட்ராய்ட் கார் தொழிற்சாலையும்: இரண்டு நாவல்கள்

அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்' (1906), பிரெஞ்சு எழுத்தாளர் செலினின் 'இரவின் முடிவுக்கு ஒரு பயணம்' (1932). தொழிற்சாலை மனிதனை என்ன செய்கிறது என்று அறிய இரண்டையும் படிக்க வேண்டும். ஆனால் அவை காட்டும் சேதம் ஒன்றல்ல.

சின்க்ளேரின் நாயகன் யூர்கிஸ் லிதுவேனியாவிலிருந்து வந்த பலசாலி. அவன் சேரும் சிகாகோ கசாப்புத் தொழிற்சாலையில், மாடு வெட்டும் வரிசையில் ஆளுக்கொரு வெட்டுதான். அதிகக் கூலி வாங்கும் சில வேகக்காரர்களை முன்னால் நிறுத்தி, மற்றவர்களையும் அந்த ஓட்டத்துக்கு இழுக்கிறார்கள். கணுக்கால் பிசகியதும் யூர்கிஸ் வேண்டாதவனாகிறான். பிறகு கிடைப்பது உரத் தொழிற்சாலை வேலை. வேலை முடிந்து டிராமில் ஏறினால் நாற்றம் தாங்காமல் பக்கத்திலிருப்பவர்கள் எழுந்து ஓடுகிறார்கள். சக மனிதரோடு உட்காரும் உரிமைகூட அவனுக்குப் போய்விடுகிறது. நாவலைப் படித்த அமெரிக்கா பதறியது உண்மைதான். ஆனால் தன் தட்டிலிருந்த இறைச்சியின் அசுத்தத்துக்காகப் பதறியது. அதே ஆண்டு இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. தொழிலாளியின் நிலை அப்படியே கிடந்தது. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

செலினுக்குச் சில பக்கங்களே போதுமாயின. ஃபோர்டு ஆலையில் வேலை கேட்டு வரும் நாயகன் பார்தமுவிடம், இங்கே சிந்தனை வேண்டாம், சிம்பன்சிகள் போதும் என்கிறார் பரிசோதிக்கும் மருத்துவர். உள்ளே இயந்திர அதிர்வு சதை முழுக்க ஏறுகிறது. மாலையில் ஆலை நின்ற பிறகும் இரவெல்லாம் அந்த இரைச்சல் தலைக்குள் ஓடுகிறது.

அநீதியின் கணக்கு முழுதாக வேண்டுமென்றால் சின்க்ளேர். மனிதன் உள்ளுக்குள் அழிவதைக் காட்டுவதில் செலினே ஒரு படி மேல் என்பேன்.