முகத்தைவிட முதுகு முக்கியம்: மாஸ்கோவில் ஒரு பீங்கான் தட்டுக் கடை

மாஸ்கோவின் இஸ்மாய்லோவோ சந்தையில், சோவியத் தலைவர்களின் உருவம் தாங்கிய பீங்கான் தட்டுகளை விற்கும் ஒரு சிறு கடையில் முற்பகல் முழுவதையும் கழித்தேன். லெனினும் ஸ்டாலினும் சுவர் நிறையத் தொங்குகிறார்கள். சோவியத் அரசின் பெயரளவுத் தலைவராக இருந்த கலீனினைக் கேட்டால் மட்டும் கடைக்காரர் மேசைக்கு அடியில் குனிய வேண்டியிருக்கிறது.

இத்தகைய தட்டின் மதிப்பு அதன் முதுகில்தான் இருக்கிறது. 1744இல் தொடங்கப்பட்ட பீட்டர்ஸ்பர்க் அரசவைப் பீங்கான் ஆலை 1918இல் அரசுடைமையானபோது, கிடங்கில் எஞ்சியிருந்த வெற்றுத் தட்டுகளிலேயே புரட்சி ஓவியங்கள் தீட்டப்பட்டதால், அடிப்புறத்தில் இருந்த பழைய ஜார் மன்னர் முத்திரையை ஒரு வண்ணத் திட்டால் மறைத்து, அருகில் அரிவாள், சுத்தியல், பற்சக்கரம் கொண்ட புதிய முத்திரையை வரைந்தார்கள். இதை அறியாமல் வாங்குவோர் ஏமாறுவது எளிது.

லெனின் முகத்தோடு, ‘உழைக்காதவன் உண்ணலாகாது’ என்னும் முழக்கம் எழுதிய, ஓவியர் மிகயில் அதமோவிச்சின் 1921ஆம் ஆண்டு வடிவமைப்பை அசல் என்றே எனக்குக் காட்டினார்கள். உருப்பெருக்கியை வைத்தேன்; தூரிகைக் கோடு இருக்க வேண்டிய கன்னத்தில் அச்சுப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. சுட்டிக்காட்டியதும் கடைக்காரர் சற்றும் கூசாமல் விலையைப் பாதியாக்கினார்.

அதை விடுத்து, பொன் விளிம்பு தேய்ந்த ஒரு துல்யோவோ பீங்கான் ஆலைத் தட்டை வாங்கினேன். விலை நியாயம், நான்கு மடிப்புச் செய்தித்தாளில் பொதிந்து கொடுத்த விதமும் நேர்த்தி. தேர்ந்த கண் உள்ளவர்கள் போகலாம். புதியவர்கள் உருப்பெருக்கி இல்லாமல் போக வேண்டாம்.